நின்றபடியே உடுத்தும் அணையாடை

நம் ஊர்களில் பழைய வேட்டியும் சேலையுமே குழந்தைக்கு அணையாடையாயின. பாட்டி காலை நீட்டி அமர்ந்து, தன் பாதங்களின்மேல் பேரனை இருத்திப் பழக்குவாள். நனைந்த துணியை மாற்ற வீடு நிறைய ஆட்கள் இருந்தனர். பணி நிமித்தம் பிற மாநிலம் வந்து மாடிக் குடியிருப்பில் வாழும் நமக்கோ அந்தத் துணை இல்லை.

மைசூரில் எங்கள் இல்லத்திலும் இதே நிலைதான். இரண்டு வயதுச் சிறுவன், மாற்றுத் துணியைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்து கொள்வான். பிடித்துக் கிடத்தினால் உடலை வில்லாய் வளைத்து அலறுவான். ஒருவர் கையைப் பிடிக்க மற்றவர் உடுத்துவது நாள்தோறும் போராட்டமாயிற்று. அலறல் கேட்டு வந்த அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார், "படுக்க வைப்பானேன்? நிற்க வைத்தே மாற்றலாமே!" என்றார். அச்சொல் எங்கள் கண்ணைத் திறந்தது. குழந்தை வெறுத்தது துணியை அன்று. தன்னைக் கிடத்திப் பிடிப்பதையே வெறுத்தது. ஓடக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு மல்லாந்து கிடத்தல் சிறையன்றோ?

ஆயினும், திடீரென முரண்டு பிடிக்கும் குழந்தையின் தொடையிடுக்கை முதலில் பார்த்தல் வேண்டும். சிவந்தோ புண்ணாகியோ இருப்பின் மருத்துவரிடம் காட்டுக. ஆடையைப் பற்றிய ஆராய்ச்சி பின்னர்.

இத்தகைய குழந்தைக்கு ஏற்றது, உள்ளாடை போலக் காலை நுழைத்து இடுப்புவரை இழுத்துவிடும் துணி டயப்பர். கடைகளில் இதனைப் 'புல்-அப்' என்பர். துவைத்து மீண்டும் உடுத்தலாம். வாங்கும்போது மூன்று செய்திகளை நோக்குக.

முதலாவது, பக்கவாட்டில் அழுத்துப் பொத்தான் உண்டா என்பது. சிறுநீரால் நனைந்ததைக் கீழே இழுத்துக் கழற்றலாம். மலம் கழிந்ததை அவ்வாறு இழுத்தால் காலெல்லாம் பூசிவிடும். பொத்தானை அவிழ்த்து எடுப்பதே தூய்மை.

இரண்டாவது, அளவு. வயதை மட்டும் பாராது, எடையையும் இடுப்பு, தொடைச் சுற்றளவையும் பார்த்து வாங்குக. இடுப்புப் பட்டையில் இரு விரல் நுழைய வேண்டும். தொடையில் இடைவெளியின்றியும், தடம் பதியாமலும் அமைய வேண்டும்.

மூன்றாவது, உள் அடுக்கு. வெளிப்புறம் நீர் கசியாத உறை; உள்ளே ஈரத்தை உறிஞ்சும் துணி. பருத்தி நன்கு உறிஞ்சும், மெல்ல உலரும். மைக்ரோஃபைபர் விரைந்து உறிஞ்சி விரைந்து உலரும். ஆனால் அழுத்தினால் ஈரத்தை வெளிவிடும், தோலையும் வறளச் செய்யும். ஆகவே அது நேரே உடலில் படலாகாது.

இங்கேதான் நாங்கள் தவறினோம். தடித்த அடுக்கு உள்ளேயே தைக்கப்பட்டவை ஆறு வாங்கினோம். ஆனி, ஆடியில் மைசூரின் வானம் பல நாள் மூடிக் கிடக்கும். இரண்டு நாளாகியும் ஈரம் போகவில்லை. அரைகுறையாய் உலர்ந்ததை உடுத்தியதில் குழந்தைக்குத் தடிப்பு கண்டது. அடுக்கைத் தனியே எடுத்து உலர்த்தக்கூடியவற்றை வாங்கிய பின்னரே அமைதி பிறந்தது. மும்பை மழையிலும் தில்லிக் குளிரிலும் வாழும் நேயர்கட்கும் இது பொருந்தும். முதலில் ஒன்றிரண்டு மட்டும் வாங்கி, உலரும் நேரத்தைக் கண்டபின் எண்ணிக்கையை முடிவு செய்க.

துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்துத் துவைத்தால் உறிஞ்சும் ஆற்றல் குன்றும். கொதிநீரும் இஸ்திரிப் பெட்டியும் நீர்புகா உறையைக் கெடுக்கும். இரவுக்கு இவ்வாடை பெரும்பாலும் போதாது. கனத்த அடுக்குள்ள வேறொன்று வேண்டும்.

மைசூர், 2015, 2016 ஆம் ஆண்டுகளில் நாட்டின் தூய்மை வரிசையில் முதலிடம் பெற்ற நகரம். எறிந்துவிடும் டயப்பரைப் பத்திரமாகப் பொதிந்தே குப்பையில் சேர்க்க வேண்டுமென 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. துவைத்து உடுத்தும் வீட்டில் அந்தப் பொதியே குறைந்துவிடும்.

ஆடை மட்டும் போதாது. குழந்தைக்கும் அதில் பங்கு வேண்டும். "எந்தக் கால் முதலில்?" என்று கேளுங்கள், இடுப்புப் பட்டையை அவனே இழுக்கட்டும். இரண்டு மணி நேரம் நனையாதிருக்கவும், ஈரத்தைத் தானே சொல்லவும் தொடங்கினால் கழிப்பறைப் பழக்கத்திற்குக் காலம் கனிந்ததென்க. சிலர்க்கு அது இரண்டு வயதில் வரும். சிலர்க்கு மூன்றில் வரும். அதனை அவசரப்படுத்தலாகாது.

எங்கள் சிறுவன் இப்போது கட்டிலுக்கடியில் ஒளிவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வலக்காலைத் தூக்கியபடி காத்து நிற்கிறான்.