பேட்டரிக்குக் குளிருமா?

கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் மணமேல்குடிக்கு வரும் மீன் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே மறுபடியும் ஐஸ். மீன் கெடுவது வேதிவினைகளால். குளிரில் அந்த வினைகள் மெதுவாகிவிடும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்று வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. வெப்பத்துக்கும் வினைவேகத்துக்கும் உள்ள உறவை 1889-இல் சமன்பாடாக எழுதிக் காட்டியவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ஹீனியஸ்.

மீனுக்கு இது நல்லது. பேட்டரிக்கு நல்லதில்லை. ஏனென்றால் பேட்டரி மின்சாரம் தருவதே வேதிவினையால்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில கார்கள் சத்தமே இல்லாமல் புறப்படுவதைப் பார்த்தால், அவற்றில் சில ஹைப்ரிட் காராக இருக்கலாம். பெட்ரோல் என்ஜின் ஒன்று, மின்மோட்டார் ஒன்று, இரண்டும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வீணாகப் போகவிருந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான் பெருமளவில் தயாரான முதல் ஹைப்ரிட் கார். அதன் இரண்டாம் தலைமுறை வண்டியில் 1.2 வோல்ட் செல்கள் 168. எல்லாம் வரிசையாக இணைக்கப்பட்டவை. பெருக்கிப் பாருங்கள்: 201.6 வோல்ட். ஆளைக் கொல்லக்கூடிய அளவு இது. அதனால்தான் ஹைப்ரிட் கார்களில் உயர் அழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை போடுகிறார்கள். அந்த நிறத்தைப் பார்த்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் கரையை விட்டு லடாக்கின் லே நகரத்துக்குப் போவோம். ஜனவரி இரவில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியையும் தாண்டிக் குளிர் இறங்கும். சாதாரண டீசல் கெட்டியாகிவிடும். அதற்காகவே, பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அங்கே கொண்டுபோனது. டீசலுக்கே அந்தக் கதி என்றால் பேட்டரியின் பாடு?

லித்தியம் அயனி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் மின்பகுளி வழியே நீந்திப் போய், கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்காரும். பூஜ்யத்துக்குக் கீழே இந்த நுழைவு மிகவும் மெதுவாகிவிடுகிறது. நாமோ சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். உள்ளே போக முடியாத லித்தியம், கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்த உலோகம் ஊசிபோல வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். ஆகவே குளிரில் காரின் கணினி சார்ஜ் ஏறுவதைக் குறைத்துவிடும், சில நேரம் அடியோடு நிறுத்திவிடும்.

இதற்கு மருந்துதான் பேட்டரி ஹீட்டர். கனடாவின் எட்மன்டன், வினிபெக் பக்கம் உங்கள் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே கார் நிறுத்தும் இடத்திலேயே பிளக் பாயின்ட் இருக்கும். இரவெல்லாம் என்ஜினைக் கதகதப்பாக வைக்கும் ஹீட்டருக்காக அது. பேட்டரி ஹீட்டரும் அதே யோசனைதான். ரப்பர் போன்ற சிலிக்கோன் விரிப்பு, அதற்குள் மெல்லிய கம்பி. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகும்.

பொருத்துவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. முதலில் பேட்டரியின் சர்வீஸ் பிளக்கை உருவி, உயர் அழுத்தத் தொடர்பைத் துண்டிப்பார். உடனே கை வைக்க மாட்டார், 10 நிமிடம் காத்திருப்பார். மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். மின்காப்புக் கையுறையைக் கழற்றவே மாட்டார். பிறகு பேட்டரிப் பெட்டியின் உலோகப் பரப்பைத் துடைத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் விரிப்பை ஒட்டுவார். குமிழி இருந்தால் அந்த இடத்தில் சூடு வெளியேற வழியில்லை, விரிப்பு கருகிப்போகும். ஃபியூஸும் ரிலேயும் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சாரும் அதோடு சேரும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஏன்? நல்ல மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்க மாட்டார். மின்சாரம் போகும் வழியிலேயே அவரும் போவார். ஃபியூஸ் உருகியிருக்கிறதா? ரிலே 'டிக்' என்கிறதா? இரண்டும் சரியென்றால் விரிப்பின் மின்தடையை அளப்பார். 12 வோல்ட்டில் 60 வாட் ஹீட்டர் என்றால் 5 ஆம்பியர் மின்னோட்டம். 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.4 ஓம். மல்டிமீட்டர் 2.4-ஐ ஒட்டிக் காட்டினால் விரிப்பு நலம். எண்ணே வராமல் முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பள்ளியில் நீங்கள் படிக்கும் ஓம் விதிக்கு இதைவிட நேரான வேலை வேண்டுமா?

சென்சாரும் ஏமாற்றும். தெர்மிஸ்டர் என்ற அந்தச் சிறு மணியின் மின்தடை, குளிரக் குளிரக் கூடும். 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் உள்ள ஒன்று, பூஜ்யத்தில் ஏறத்தாழ 30 ஆயிரம் ஓமுக்குப் போகும். அதன் கம்பி அறுந்துபோனால் மின்தடை எல்லையில்லாமல் கூடிவிடும். கணினிக்கோ உலகமே உறைந்துவிட்டதுபோலத் தோன்றும்! அதை நம்பி ஹீட்டரை ஓட விட்டால் ஆபத்து. அதனால், 'இவ்வளவு குளிர் இருக்கவே முடியாது, இது சென்சார் கோளாறு' என்று முடிவுசெய்து ஹீட்டரை நிறுத்தும்படி கணினிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். இதை எழுதிய பொறியாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்தத் தெர்மிஸ்டரைப் பள்ளி ஆய்வகத்தில் நீங்களே சோதிக்கலாம். தனித் தெர்மிஸ்டர் மின்னணுக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஐஸை நொறுக்கித் தண்ணீரில் கலந்தால் அதுவே பூஜ்யம் டிகிரி. உப்பு மட்டும் கலந்துவிடாதீர்கள், வெப்பநிலை இன்னும் கீழே போய்விடும்.

மணமேல்குடியில் ஓடும் காருக்கு ஹீட்டர் தேவையே இல்லை. நமக்கு எதிரி வெயில். சித்திரை வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். அர்ஹீனியஸ் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: சூடு ஏற ஏற, பேட்டரியைத் தேய்க்கும் வேண்டாத வினைகளும் வேகமெடுக்கும். அதனால் பல ஹைப்ரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்க ஒரு மின்விசிறி இருக்கிறது. அது காரின் உட்புறக் காற்றை இருக்கையின் அருகிலுள்ள ஒரு வலைத்துளை வழியே இழுக்கிறது. அங்கே கடற்கரை மணலும் நூலும் முடியும் சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொண்டால் பேட்டரி மூச்சுத் திணறும். உப்புக்காற்று பட்ட செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பும் ஏறும். களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும், விசிறி நின்றுபோகும்.

பேட்டரி வேதியியலை ஆராயும் பெரிய கூடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குப் போனால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். லித்தியம் அயனி பேட்டரியை இந்தியாவிலேயே செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கி, 2018-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்கியதும் இந்த நிலையம்தான்.

செப்டம்பர் 26 அதன் தாய் அமைப்பான அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம் தொடங்கிய நாள். அதையொட்டி ஆய்வகங்களை மாணவர்களுக்குத் திறந்து காட்டுவது வழக்கம். உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.