கலத்திற்குப் பாய் தைத்தல்

திட்டக்குடி, வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர். அவ்வூர்ச் சிறுவருட் பலர் கடலைக் கண்டிரார். ஆயினும், அவர்தம் காலடியில் ஓடும் ஆறு பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலிற் கலக்கின்றது. முற்காலத்தில் அத்துறைக்குப் பாய்க்கப்பல்கள் வந்தன. கப்பலை இயக்கியது காற்று. காற்றைப் பிடித்துத் தந்தது துணி. அண்டையிலுள்ள பெரம்பலூர்ப் பகுதியில் விளையும் பருத்தியை ஒத்த பருத்தியே முறுக்கி நெய்யப்பெற்றுக் கித்தானாகிப் பாய்மரம் ஏறியது. ஆதலின், பாய்த்தொழில் கடற்கரையார்க்கே உரியது என்று உள்நாட்டார் ஒதுக்கிவிடலாகாது.

உறங்க விரிக்கும் பாயும் மரத்தில் ஏற்றும் பாயும் தமிழில் ஒரு சொல்லாலேயே வழங்குகின்றன. பசிபிக் தீவு மக்கள் தாழையின் இலையை முடைந்து பாயாக்கிக் கலம் செலுத்தினர் என்பதை நோக்கின், இவ்வழக்கு வியப்பன்று. சங்க நூல்களில் கப்பற்பாய்க்கு 'இதை' என்றும், பாய்மரத்துக்குக் 'கூம்பு' என்றும் பெயர் உண்டு. நெய்தல் நிலத்தார் பாய் கட்டும் குறுக்குமரத்தைப் பருமல் என்பர். பாயை மேலேற்றும் கயிற்றை ஆஞ்சான் என்பர். காற்றுக்கேற்பப் பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிற்றைத் தாமான் என்பர். 'தாமான்' அயலிலிருந்து வந்த சொல்லே. எனினும், உப்புக் காற்றிற் பழகி நம் சொல்லாகிவிட்டது. அதனை விலக்கப் புகுவது வீண் வேலை.

பாய் என்பது சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டிய வெறுந்துணி என்று எண்ணுவோர் உளர். அஃது அன்று. பின்னிருந்து வரும் காற்றைப் பிடிக்க வெறுந்துணி போதும். காற்று எதிர்ச்சாய்வில் வரும்போதும் படகு முன்னேற வேண்டுமெனின், பாய்க்குப் பறவையின் சிறகு போன்ற வளைவு வேண்டும். வளைந்த பாயின் புறப்பக்கத்தில் காற்று விரைந்து ஓடும். அங்கே அழுத்தம் குறையும். அக்குறைவே பாயை இழுக்கின்றது. படகின் அடியிலுள்ள தகடு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்க, எஞ்சிய விசை படகை முன்செலுத்துகின்றது.

தட்டையான துணியில் இவ்வளைவை எங்ஙனம் அமைப்பது? தொழிலின் நுட்பம் இங்கேதான் உள்ளது. பாய் பல பட்டைகளை இணைத்துத் தைக்கப்படுவது. பட்டைகளின் ஓரத்தை நேராக வெட்டாமல் மிகச் சிறிதளவு வளைத்து வெட்டுவர். வளைந்த ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தித் தைத்தால், துணி தானே வயிறு கொள்ளும். விரற்கடை அளவு பிழைத்தாலும் பாயில் சுருக்கம் விழும். படகு விரைவு இழக்கும். துணி நூலோட்டத்தில் நீளாது. மூலைவாக்கில் இழுத்தால் நீளும். எனவே மிகுந்த இழுப்பு எப்பக்கம் விழுமோ அப்பக்கத்துக்கு நூலோட்டம் அமையுமாறு பட்டைகளை அடுக்குவர்.

இவ்வேலைக்குத் தூண் இடையிடாத அகன்ற தளம் வேண்டும். அதனால் மேனாடுகளில் கட்டடங்களின் மேல்மாடியையே பாய்ச்சாலையாகக் கொண்டனர். பாயின் முழு உருவத்தையும் தரையிலேயே வரைந்து, அதன்மேல் துணியை விரித்து வெட்டுவர். தையற்பொறியைக் குழியில் இறக்கி, அதன் மேற்பரப்பைத் தரையோடு தரையாக வைப்பதும் உண்டு. பெருந்துணி மடங்காமல் வழுக்கிச் செல்ல வேண்டும் அன்றோ! தைப்பவர் குழிக்குள் அமர்ந்து தைப்பார். மூலைகளில் மட்டும் பொறி உதவாது. அங்கே துணி பல மடிப்பாகத் தடித்திருக்கும். உள்ளங்கையில் உலோக வில்லை பதித்த தோலுறை அணிந்து, முப்பட்டை ஊசியில் தேன்மெழுகு பூசிய நூலைக் கோத்துக் கையாலேயே குத்தி இழுக்க வேண்டும்.

பருத்திப் பாய்க்கு ஈரமே பகை. நனைந்ததை உலர்த்தாமல் சுருட்டினால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். இதனைத் தடுக்க மரப்பட்டைச் சாயநீரில் ஊறவைப்பர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் பாலியஸ்டர்த் துணி வந்தது. அதனை ஈரம் அழிப்பதில்லை, வெயில் அழிக்கின்றது. மற்றொரு வேறுபாடும் உண்டு. பருத்தித் துணியில் தையல் நூல் மெத்தென அமிழ்ந்து கிடக்கும். வழவழப்பான பாலியஸ்டரில் நூல் மேலே புடைத்து நின்று கயிற்றிலும் மரத்திலும் உராயும். ஆகவே துணி நன்றாக இருக்கும்போதே தையல் அறுந்துவிடும். இக்காலப் பாய்ச்சாலைகளில் செப்பனிட வரும் பாய்களுட் பல, துணி கிழிந்தவை அல்ல, தையல் விட்டவை.

தமிழர் கைவண்ணமான கலங்களுள் உலகறிந்தது ஒன்று, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'. அதனை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளும் உடன்செல்ல, அக்கலம் பாய் விரித்துச் சென்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தூத்துக்குடித் தோணிகளும் நெடுங்காலம் பாயை நம்பியே கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. இன்று அவை பொறியால் ஓடுகின்றன.

ஆயினும், பாய் வழக்கொழிந்துவிடவில்லை. சென்னையில் 1911ஆம் ஆண்டில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நிறுவிய பாய்ப்படகுக் கழகம் இன்றும் உள்ளது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் செலுத்திய படகுவகையின் பாய் 5.76 சதுர மீட்டரே. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, தில்னாவுடன் 'தாரிணி' என்னும் 56 அடிப் பாய்ப்படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் மீண்டார். கலத்தில் இருந்தவர் அவ்விருவரே. நடுக்கடலில் பாய் கிழிந்தால் தைத்துத்தர ஆள் வாரார். அதனால் நெடும்பயணம் செல்வோர் துண்டுத்துணியும் ஊசியும் மெழுகு நூலும் உடன் கொள்வர்.

கிழிசல் சாண் அளவாயின், ஓரங்கள் ஒன்றையொன்று தொடுமாறு மீன்முள் போன்ற தையல் இடுவர். இறுக்கி இழுத்தால் பாய் சுருங்கி வடிவு கெடும். கிழிசல் பெரிதாயின், பாயின் நூலோட்டத்துக்கு இசைந்த நூலோட்டமுள்ள ஒட்டுத்துணி வைப்பர். இவற்றுக்கு முன்னர்ச் செய்ய வேண்டியது சோதனை. துறையில் கலம் நிற்கும்போதே பாயை விரித்து, ஒவ்வொரு தையலையும் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பர். நகம் பட்டு அறும் நூல் புயலில் நில்லாது. அத்தையலை அப்பொழுதே பிரித்துப் புதுநூல் இடுவர்.