கண் கெட்டது விளக்காலா?



குழந்தை தூங்கும் அறையில் சிறு விளக்கை எரிய விடலாமா, விட்டால் கண் கெட்டுவிடுமா? பிள்ளைகளின் கண் நலம் பற்றிக் கலந்துரையாடல் என்றால் பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. இந்த அச்சம் பாட்டி சொல்லி வந்ததல்ல. 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 479 பிள்ளைகளின் பெற்றோரிடம், "இரண்டு வயதுக்கு முன் உங்கள் பிள்ளை எந்த வெளிச்சத்தில் தூங்கியது?" என்று கேட்டார்கள். முடிவு 1999இல் வெளியானது. இருட்டில் தூங்கிய பிள்ளைகளில் 10 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. சிறு விளக்கில் தூங்கியவர்களில் 34 விழுக்காடு. அறை விளக்கு எரியத் தூங்கியவர்களிலோ 55 விழுக்காடு! படித்த பெற்றோர் பதறாமல் என்ன செய்வார்கள்?

மறு ஆண்டே, அதே இதழில், ஒஹாயோவிலும் பாஸ்டனிலும் இருந்த இரு குழுவினர் தனித்தனியே இதைச் சோதித்து எழுதினார்கள். அவர்களுக்கு அந்தத் தொடர்பு கிடைக்கவேயில்லை. கிடைத்தது வேறொன்று. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் பிள்ளையின் அறையில் அதிகமாக விளக்கை எரிய விடுகிறார்கள். கண்ணாடி போடாமல் இரவில் எழுந்து வந்தால் அவர்களுக்குத் தடுமாறும் அல்லவா? கிட்டப்பார்வையோ பரம்பரையாக வரக்கூடியது. விளக்கை ஏற்றியவரும் பெற்றோர், கண்ணைக் கொடுத்தவரும் பெற்றோர். நடுவில் பழி சுமந்தது விளக்கு.

முதல் ஆய்வில் பொய் எதுவும் இல்லை. காரணம் நிறுவப்படவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் கண் மருத்துவப் பிரிவுக்கு வந்தவர்கள். பொதுவாக எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அல்லர். பல ஆண்டுகளுக்கு முந்திய தூக்கத்தைப் பெற்றோர் நினைவிலிருந்து சொன்னார்கள். பெற்றோரின் கண் நிலை கணக்கில் வரவில்லை. முதல் செய்திக்குக் கிடைத்த இடம் மறுப்புக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு, இன்றும் வரும் அந்தக் கேள்வியே சாட்சி. இதில் எங்கள் ஊடகத் துறைக்கும் பங்குண்டு.

அளப்பதிலும் இதே சிக்கல்தான். சிறு பிள்ளையின் கண் தசை வலுவானது. கருவிக்குள் பார்க்கும்போது தன்னையறியாமல் கிட்டத்தில் குவித்துவிடும். கருவி இல்லாத கிட்டப்பார்வையை உண்டென்று காட்டும். உள்ளதைக் கூட்டியும் காட்டும். அதனால்தான் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்தை விட்டு, அரை மணி நேரம் போலக் காக்க வைத்து அளக்கிறார்கள். பிள்ளைக்குக் கண் கூசும், எழுத்து மங்கும், அழுகையும் வரும். பள்ளியில் ஆயிரம் பேரை அளக்க வேண்டியவருக்கு இதைத் தவிர்க்கவே தோன்றும். ஆனால் மருந்து விட்டு அளந்த ஊரையும் விடாமல் அளந்த ஊரையும் ஒப்பிட்டு, "அங்கே குறைவு, இங்கே அதிகம்" என்று பேசுவது பொருளற்றது.

இனி, நம் வீட்டுக்கே வந்த கதை. கிட்டப்பார்வை ஏறுவதைத் தணிக்க அட்ரோபின் சொட்டு மருந்தைச் சிங்கப்பூரில் சோதித்தார்கள். 2006இல் வெளியான முதல் ஆய்வில் 400 பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு தரப்பட்டது. 2012இல் வெளியான இரண்டாம் ஆய்விலும் 400 பிள்ளைகள். ஆனால் வெறும் சொட்டுக் குழு இல்லை. பழைய ஆய்வின் குழுவோடுதான் ஒப்பிட்டார்கள். பழைய குழுவுக்கு இரண்டாண்டில் சுமார் 1.2 டயோப்டர் ஏறியிருந்தது. மிகக் குறைந்த 0.01 விழுக்காட்டு மருந்து பெற்றவர்களுக்கு ஏறக்குறைய அரை டயோப்டர்தான். எரிச்சலும் கூச்சமும் குறைவு. பல நாடுகளில் மருத்துவர்கள் இதை எழுதித் தரத் தொடங்கினார்கள்.

ஆனால் கண்விழியின் நீளம்? மருந்து பெற்றவர்களுக்கு 0.41 மில்லிமீட்டர் வளர்ந்தது. வெறும் சொட்டுக் குழுவுக்கு 0.38. அதாவது கிட்டத்தட்ட ஒன்றுதான். பிற்காலத்தில் விழித்திரைக்கு ஆபத்து அதிகரிப்பது விழி நீண்டு போவதால்தான் என்பதை நினைத்தால், இது சிறிய விஷயமல்ல.

பிறகு ஹாங்காங் குழுவினர், வெறும் சொட்டுக் குழுவையும் சேர்த்து 438 பிள்ளைகளிடம் மூன்று அளவுகளைச் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த முடிவில் 0.05 விழுக்காடே நன்றாக வேலை செய்தது, 0.01 விழுக்காட்டின் பலன் சொற்பம். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 187 பிள்ளைகளை இரண்டாண்டு கவனித்தும், 0.01 விழுக்காட்டு மருந்துக்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வோ ஓரளவு பலன் உண்டு என்றது.

பிள்ளைக்கு இந்த மருந்து விட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை விழுக்காட்டு மருந்து, தசையைத் தளர்த்திய பிறகுதான் அளந்தீர்களா, விழியின் நீளத்தையும் அளந்து வருகிறீர்களா? நீளத்தை அளக்கும் கருவி எல்லாக் கண்ணாடிக் கடையிலும் இருக்காது. அளந்தால் எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் போனாலும் அது கூடவே வரும்.