டிப்பர் போன பாதையும் மழை போகும் பாதையும்

போன தை மாதம் செந்துறைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு ஆலத்தியூர் வழியாகத் திரும்பினேன். வழியில், கல் வெட்டுவது எப்போதோ நின்றுபோன ஒரு சுண்ணாம்புக்கல் குழி. அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர். டிப்பர்கள் ஏறி இறங்கிய பழைய ரோட்டில் ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. கைவிட்ட சுரங்கத்தில் முதலில் ரோட்டைக் கிளறிப்போட வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்ததை ஆட்டுக்காரரிடம் சொன்னேன். "ரோட்ட வெட்டிட்டா ஆடு தண்ணிக்கு எங்க சார் போவும்?" என்றார். பதில் தெரியவில்லை. நான் கணினிக்காரன், மண் பொறியாளன் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

முதலில் சரிவு. வெட்டிக் கொட்டிய மண் தானாக நிற்கும் கோணம் சுமார் 37 டிகிரி. அதாவது, விழாமல் இருக்கிறது, அவ்வளவுதான். மண்ணின் பிடிப்பை சரிவின் இழுப்பால் வகுத்தால் ஒன்று வரும். ஒன்றுக்குக் கீழே போனால் சரியும். அதையே 28 டிகிரிக்குத் தாழ்த்தினால் 1.4 ஆகிறது. (நம் ஊர் சுற்றுச்சூழல் அனுமதிகளில் கழிவு மண்மேட்டுக்கு அடிக்கடி வரும் எண் இந்த 28.) நிம்மதிதானே? இல்லை. ஐப்பசி மழையில் அந்த மேடு முழுக்க ஊறி, உள்ளே தண்ணீர் சரிவோடு ஓட ஆரம்பித்தால் அந்த 1.4 கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கோணத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, தண்ணீரை உள்ளே ஊற விடாமல் மேலேயே திருப்ப வேண்டும்.

சந்தேகம் இருந்தால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போய்ப் பாருங்கள். கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் களிமண், செடி பிடிக்காமல், மழை கீறிக் கீறி ஆயிரம் ஓடைகளாகக் கிடக்கிறது. நாம் அங்கே தொல்லுயிர் எச்சம் தேடிப் போகிறோம். எனக்கு இப்போது அது சரிவைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதன் மாதிரிப் படமாகவும் தெரிகிறது.

அடுத்தது ரோடு. குழி 40 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். லாரி ஏற 16க்கு 1 என்ற சரிவு என்றால் ரோட்டின் நீளம் 640 மீட்டர். அகலம் 10 மீட்டர். ஒரு நாள் 50 மி.மீ. மழை பெய்தால் அதன் மேல் மட்டும் விழுவது 3,20,000 லிட்டர்! டிப்பர் ஓடி ஓடி இறுகிய தரை, உறிஞ்சாது. பெரும்பகுதி ஒரே வாய்க்காலாகக் கீழே ஓடி, ரோட்டின் விளிம்பை அறுத்து, பக்கத்துச் சரிவையும் தின்னும்.

அதனால்தான் டோசரின் ரிப்பர் கொக்கியால் அரை மீட்டருக்கு மேல் கிளறுகிறார்கள். சரிவுக்குக் குறுக்காகக் கிளற வேண்டும், நெடுக்காகக் கிளறினால் நாமே ஓடை வெட்டிக் கொடுத்த மாதிரி. கோடையில் செய்ய வேண்டும், ஈரக் களி உடையாது, வழுக்கிப் பூசிக்கொள்ளும். பிறகு எடுத்து வைத்திருந்த மேல்மண், குறுக்கே சாய்வாக வரப்புகள், வெட்டிவேர், ஆவாரை, புங்கை. வேலிகாத்தான் யாரும் நடாமலே வந்துவிடும்.

கல்சுவர் வேறு கதை. அதைச் சாய்க்க முடியாது. கடினப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது 1961ஆம் ஆண்டுச் சுரங்க ஒழுங்குமுறையின் பொது விதி. 6 மீட்டர் என்பது இரண்டு மாடி. தண்ணீருக்குள் தவறி விழுந்த ஆடோ பையனோ அந்தச் சுவரில் ஏறி வர முடியாது.

ஆட்டுக்காரரின் கேள்விக்கு இப்போது என் பதில்: எல்லா ரோட்டையும் கிளறக்கூடாது. ஒன்றை விட வேண்டும், தண்ணீர் விளிம்பு வரை. அதற்குக் கரையும், பக்க வாய்க்காலும் கட்டி, மழையை அதிலிருந்து பிரித்துவிட வேண்டும். மற்ற விளிம்புகளுக்கு வேலி.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 2003 முதல் இத்தகைய சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தோண்டிய நிலத்தில் தீவனப் புல் முளைக்கும்படி செய்து தர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்பதெல்லாம் எத்தனை மரக்கன்று நட்டீர்கள் என்றுதான். எந்த ரோட்டை விடப்போகிறீர்கள் என்பதையும், குழிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டே கேட்கலாம். ஆடு எந்தப் பக்கம் இறங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.