கடனட்டைக் கணக்கு

சிமெண்டு ஆலை இயங்கும் அரியலூர் ஜில்லாவின் ஆலத்தியூர் போன்ற ஊர்களிலும், மாதச் சம்பளக்காரரை இன்று கடனட்டை நாடி வருகின்றது. அதன் சூக்ஷுமத்தை நம் ஜனங்கள் அறிதல் அவசியம்.

ஒருவருக்கு ரூ.40,000 பாக்கியென்று கொள்வோம். மாதம் நூற்றுக்கு மூன்றரை வீதம் வட்டி ரூ.1,400, வட்டிமேல் 18 சதவீத வரி ரூ.252. "குறைந்தபட்சத் தொகை" நூற்றுக்கு 5 எனில், அவர் செலுத்துவது ரூ.2,000. அசலில் குறைவதோ ரூ.348 மாத்திரமே!

கோர்ட்டு காக்குமென்று வாளாவிருத்தலாகாது. வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி முறையற்றதென 2008-ல் தேசிய நுகர்வோர் கமிஷன் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்துசெய்துவிட்டது.

ஆகவே, கடன்பட்டோர் முதற்கண் அட்டையின் உபயோகத்தை நிறுத்துதல் வேண்டும். பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைகளாக்கப் பாங்கிக்கு எழுதுதல் வேண்டும். அது கைகூடாவிடில், கூட்டுறவுச் சங்கத்தில் நகையை ஈடுவைத்தேனும் அடைப்பது மேல். அங்கு வட்டி இதிற் பாதியுமில்லை. கடன் தீர்ந்தபின் அட்டையை முடிக்கக் கோரினால், 7 வேலைநாட்களுக்குள் முடித்தல் வேண்டும். தவறினால் தினம் ரூ.500 அட்டைதாரருக்கு அளித்தல் வேண்டும். இது ரிசர்வ் பாங்கியின் 2022-ம் வருஷத்து விதி.

வெட்கத்தால் வீட்டாரிடம் மறைப்பதே கடனை வளர்க்கின்றது. இன்றிரவே கணக்கை அவர்முன் விரித்துவைக்குமாறு நம் அன்பர்களை வேண்டுகின்றோம்.