‘பொறம்போக்கு’ என்பது திட்டும் வார்த்தையா? ஒரு குளம் உச்ச நீதிமன்றம் வரை போன கதை

தமிழ்ப் படங்களில் “டேய் பொறம்போக்கு!” என்று திட்டுவதைக் கேட்டிருப்பீங்க. உண்மையில் அது ஒரு நிலத்தோட பெயர். வரிக் கணக்குக்குப் புறம்பே, ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலம்தான் புறம்போக்கு. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், நெல் அடிக்கும் களம், சுடுகாடு எல்லாம் இதில் வரும். இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் பல வழக்குகளுக்கு இந்த நிலம்தான் காரணம்.

ஆக்கிரமிப்பு சின்னதாகத்தான் தொடங்கும். முதலில் ஒரு வேலி, பிறகு மாட்டுக் கொட்டகை, கடைசியில் சுவர், வீடு. “இத்தனை வருஷமா நாங்கதானே இருக்கோம்” என்ற பேச்சு அதற்குப் பிறகு வரும்.

பஞ்சாப், பாட்டியாலா மாவட்டத்தில் ரோஹர் ஜாகிர் என்ற கிராமம். அங்கே ஊர்க் குளத்தில் மண்ணைக் கொட்டித் தூர்த்து, சிலர் வீடு கட்டினார்கள். அவர்களை வெளியேற்றச் சொல்லி ஊராட்சி முறையிட்டது. 2005-இல் மாவட்ட கலெக்டர் என்ன சொன்னார் தெரியுமா? வீடு கட்ட நிறைய செலவு செய்துவிட்டார்கள், அதனால் நிலத்துக்கான விலையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்! 2007-இல் மேலதிகாரியான கமிஷனர் அந்த உத்தரவை ரத்து செய்தார். வீடு கட்டியவர்கள் உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் போனார்கள்.

2011 ஜனவரி 28-இல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு அவர்களுடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. பல வருடம் இருந்தது, கட்டடத்துக்குக் கொட்டிய பணம், அரசியல் செல்வாக்கு எதுவுமே சாக்கு ஆகாது என்றது தீர்ப்பு. பணம் வாங்கிக்கொண்டு பொது நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் அரசாணைகளும் செல்லாது. எல்லா மாநிலங்களும் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போட வேண்டும். வடக்கே ‘ஷாம்லாத்’, தெற்கே புறம்போக்கு, மந்தைவெளி என்று பெயர்களையும் தீர்ப்பே குறிப்பிடுகிறது. (ஆமாம், சென்னையின் மந்தைவெளியும் அதே சொல்தான்.)

அப்போ குடிசை போட்டிருக்கும் ஏழைகள்? சிக்கல் இங்கேதான். நிலமற்ற தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அரசு அறிவிப்பின்படி குத்தகைக்குக் கொடுத்த நிலத்தை முறைப்படுத்தலாம். பள்ளி, மருந்தகம் போன்ற பொதுக் கட்டடம் இருந்தாலும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு நோட்டீஸ், சுருக்கமான விசாரணை, பிறகு வெளியேற்றம். ஆனால் கையில் காகிதம் இல்லாத ஏழைக்கு அந்த விலக்கு எட்டாது. வக்கீல் வைக்க வசதி உள்ளவரோ தடை உத்தரவு வாங்கிவிடுவார். குளத்தைக் காப்பாற்றும் சட்டம் முதலில் யார் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதையும் பார்க்கணும்.

நம்ம நாட்டில் நிலைமை வேறு. எத்தனை வருடம் குடியிருந்தாலும் அரசு நிலம் உங்களுடையது ஆகாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியாவிலோ, அரசு நிலத்தில் 30 வருடம் வெளிப்படையாக, தொடர்ந்து, தனக்கே சொந்தம் என்று அனுபவித்தவர் உரிமை கோரலாம். வழக்குகள் இழுத்துக்கொண்டே போக இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் சொந்தக்காரர் யாராவது “மலிவா ஒரு மனை இருக்கு, வாங்கிப் போடுங்க” என்று உங்கள் வீட்டுக்கு போன் செய்தால், சர்வே எண்ணைக் கேளுங்கள். மாநில அரசின் இணையதளத்தில் அந்த எண்ணுக்கான ‘அ’ பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நில வகை என்ற இடத்தில் புறம்போக்கு என்று இருந்தால், பணத்தை அனுப்பாதீங்க.