பாட்டு மறந்த பறவை

குண்டுக்கரிச்சான் பாடுவதைக் கொஞ்ச நேரம் நின்னு கேளுங்க. ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் பாடாது. பறவைக்குப் பறவை பாட்டும் மாறும். ஏன் இப்படின்னு தோட்டத்துக்கு வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

குழந்தை பேச்சைக் கற்பதுபோல, பாடும் பறவைகளின் குஞ்சுகள் மூத்த பறவைகளைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்கின்றன. அதனால் ஊருக்கு ஊர் வட்டார வழக்கும் உருவாகுது. கலிபோர்னியாவின் ஒரு சிட்டு இனத்தில் பீட்டர் மார்லரும் தமுராவும் இதை 1962இல் விளக்கினார்கள்.

சொல்லித்தர மூத்தது இல்லாவிட்டால்? ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஹனிஈட்டர் என்ற தேனுண்ணிப் பறவை, காடுகளை விவசாயத்துக்காக அழித்ததால் சில நூறாகக் குறைஞ்சிடுச்சு. நூற்றுக்கு 12 ஆண் பறவைகள் சொந்தப் பாட்டு தெரியாமல் வேற இனங்களின் பாட்டைப் பாடுவதாக 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படிப் பாடினால் ஜோடி அமைவதும் குறைவு. இப்போது கூண்டில் வளரும் குஞ்சுகளுக்குப் பாட்டைக் கற்றுத்தருகிறார்கள்.

நாட்டு விதையும் இப்படித்தானே? விதைக்கத் தெரிந்தவர் போனால் விதையும் போயிடும்.

பொந்துள்ள பழைய மரத்தையும் வேலிப் புதரையும் வெட்டாம விடுங்க. பக்கத்துத் தோட்டக்காரரிடமும் சொல்லுங்க. நம்ம தோட்டத்தில் ஒரு ஜோடி இருந்தால் போதாது. குஞ்சு கேட்டுப் பழக அக்கம்பக்கத்திலும் பாட்டு இருக்கணும்.